பெருவெள்ளத்தைக் கைவிட்ட குருமார்

மதம் ஒருபுறம், அறிவியல் மறுபுறம், நடுவே பெரும்போர், இறுதியில் அறிவியலுக்கு வாகை. நோவாவின் பெருவெள்ளம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் பகுத்தறிவு அன்பர்கள் இக்கதையையே ஒப்பிக்கின்றனர். தொன்றுதொட்டு வந்த நம்பிக்கையை நேற்று முளைத்த நிலவியல் அழிக்க வந்தது என்பது பக்தர்களின் புலம்பல். இரு சாராரும் சொல்வது ஒரே கதை. அக்கதை பொய் என்கிறேன்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நிலவியல் கற்பித்தோர் யாவர்? ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் பக்லாண்ட். கேம்பிரிட்ஜில் ஆடம் செட்ஜ்விக். இருவருமே ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருமார். பெருவெள்ளத்துக்கு மண்ணிலே சான்று உண்டென்று முதலில் நம்பியவர்களும் இவர்களே.

1821இல் யார்க்‌ஷயரின் கிர்க்டேல் குகையில் யானை, காண்டாமிருகம், நீர்யானை, கழுதைப்புலி ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்தன. வெப்பநாட்டிலிருந்து வெள்ளம் அடித்து வந்தவை என்று சொல்லியிருந்தால் பக்லாண்டின் நம்பிக்கைக்கு எத்தனை வசதி! அவர் அவ்வாறு சொல்லவில்லை. எலும்புகளில் பற்குறிகளைக் கண்டார். உயிருள்ள கழுதைப்புலி ஒன்றுக்கு மாட்டெலும்பைத் தின்னக் கொடுத்து, அதன் பல் பதிந்த தடங்களோடு ஒப்பிட்டார். குகை கழுதைப்புலிகளின் உறைவிடம், ஏனைய விலங்குகள் அவற்றின் இரை என்று முடிவு கண்டார். எலும்புகளின்மேல் படிந்திருந்த சேற்றை மட்டுமே வெள்ளத்தின் கணக்கில் வைத்து 1823இல் நூல் வெளியிட்டார்.

அந்தச் சேற்றுக் கணக்கையும் மறுக்க வந்தவர் நாத்திகர் அல்லர்; ஸ்காட்லாந்துப் போதகர் ஜான் ஃபிளெமிங். புறா ஒலிவ இலையைக் கொண்டுவந்தது என்கிறது ஆதியாகமம். மரஞ்செடிகளையே அழிக்காத வெள்ளம் பள்ளத்தாக்குகளைக் குடைந்திருக்குமா என்ற வாதத்தை 1826இல் அவர் முன்வைத்தார். வேதத்தைக் கொண்டே வெள்ளக் கோட்பாட்டை மடக்கினார்!

ஆராய ஆராய, ஒரே வெள்ளம் விட்டுச்சென்றவை எனக் கருதப்பட்ட சரளைப் படிவுகள் வெவ்வேறு காலத்தவை எனத் தெரியவந்தது. 1831இல், நிலவியல் கழகத் தலைவர் பதவியிலிருந்து விலகும் உரையில், செட்ஜ்விக் தம் பழைய கருத்தை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். 1836இல் பக்லாண்டும் அவ்வாறே செய்தார். எவரும் அவர்களைக் கழுத்தைப் பிடித்து நெருக்கவில்லை.

எதிர்ப்பு எழாமலில்லை. 1844இல் யார்க் பேராலயத்தின் டீன் வில்லியம் காக்பர்ன், அறிவியலார் மாநாட்டிலேயே பக்லாண்டைச் சாடினார். எழுந்து மறுமொழி கூறியவர் செட்ஜ்விக். குருவானவரைக் குருவானவரே மறுத்தார். மதத்துக்கும் அறிவியலுக்குமான போர் இதில் எங்கே இருக்கிறது?

அவ்வாறாயின், பாறையடுக்குகள் அனைத்தும் ஒரே வெள்ளத்தில் படிந்தவை என்று இன்று முழங்கும் நூல்கள் எங்கிருந்து வந்தன? 1923இல் ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ் ஒரு நூல் எழுதினார். 1961இல் விட்கோம் என்ற இறையியலாரும் மோரிஸ் என்ற நீரியல் பொறியாளரும் சேர்ந்து மற்றொன்று எழுதினர். இம்மூவருள் ஒருவர்கூட நிலவியலார் அல்லர். தொன்மையான நம்பிக்கை என்று விற்கப்படும் சரக்குக்கு வயது ஒரு நூற்றாண்டு. கல்லும் மண்ணும் கற்ற குருமார் அதற்கு முன்பே அவ்வாதத்தைக் கைவிட்டுவிட்டனர்.

சான்று மாறியபோது தாம் எழுதியதைத் தாமே மறுத்த அம்மனிதர்களை, ஒரு சாரார் மூடர் என்கின்றனர். மறு சாரார் மறந்தே போயினர். அவர்களது நேர்மையில் பாதியேனும் இருந்திருந்தால், இரு சாராரும் இப்பொய்க்கதையை இத்தனை காலம் சுமந்து திரிந்திருக்க மாட்டார்கள்.