ஒரு குழலில் இரு குரல்கள்

விளையாட்டு உளவியலை வைத்துச் சிறியதொரு தனி வாத்திய இசை அமைக்கச் சொன்னால், நம்மில் பலருக்குக் கைதட்டலும் வெற்றி முழக்கமுமே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அந்த உளவியலின் அக்கறை வீராங்கனையின் மனதுக்குள் எழும் சத்தத்தைப் பற்றியது. இசையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்க டென்னிஸ் பயிற்றுநர் திமோதி கால்வே 1974இல் வெளியிட்ட தன் நூலில், ஒவ்வொருவருக்குள்ளும் இருவர் இருப்பதாகச் சொல்கிறார். ஒருவர், "கையை உயர்த்து, பிழை விடாதே" என்று ஓயாமல் கட்டளையிடுபவர். மற்றவர் செய்து முடிப்பவர். முன்னவரின் குறுக்கீடு குறைந்தால் பின்னவரின் திறமை வெளிப்படும். அதற்கு அவர் தந்த பயிற்சி எளியது: பந்து தரையில் பட்டதும் ஒரு சொல், மட்டையில் பட்டதும் ஒரு சொல் என வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனம் பந்தோடு போய்விட, கட்டளைக் குரல் அடங்கிவிடும். 1986இல் டபிள் பேஸ் கலைஞர் பாரி கிறீன், கால்வேயுடன் சேர்ந்து இம்முறையை இசைக் கலைஞர்களுக்காகவும் எழுதினார்.

அந்த இரண்டு சொற்களிலேயே ஒரு தாளம் இருக்கிறது. மூன்று நிமிடப் புல்லாங்குழல் இசைக்கு அது போதும். மேல் ஸ்தாயியில் துண்டு துண்டான, அவசரமான ஸ்வரங்கள் கட்டளைக் குரலாகட்டும். கீழ் ஸ்தாயியில் நீண்ட மூச்சில் ஒரு மெட்டு வரட்டும். மேற்குரல் குறுக்கிடும்போதெல்லாம் மெட்டு அறுபடட்டும். பிறகு அந்த இரண்டு தட்டுத் தாளம் நுழைய, மேற்குரல் குறைந்து, மெட்டு ஒருமுறை முழுமையாக ஒலித்து முடியட்டும். இறுதியில் முழக்கம் தேவையில்லை.

இரண்டு வாத்தியங்களுக்கு எழுதினால் அது இருவரின் வாக்குவாதமாகிவிடும். ஒரே மூச்சிலிருந்து இரு குரலும் வந்தால்தான் அது ஒருத்தியின் போராட்டம். ஒரு வாத்தியத்தில் பல குரல்களைக் கேட்கச் செய்ய முடியும் என்பதற்குத் தனி வயலினுக்காக பாஹ் எழுதிய இசையே சான்று.

கட்டளையே இல்லாமல் கற்க முடியுமா என்று கேட்கலாம். பயிற்சி நாட்களில் திருத்தம் வேண்டும்தான். ஆனால் வலைப்பந்தாட்டத் திடலின் ஓரத்திலும் பரீட்சை மண்டப வாசலிலும் உம்மாவும் வாப்பாவும் அன்போடு சொல்லும் "கவனம், பிழை விட வேணாம்" என்பது எங்களுக்குள் இருக்கும் மேற்குரலோடுதான் சேர்ந்துகொள்கிறது. அன்றைக்கு, "போயிட்டு வாங்க மகள்" என்ற ஒரு சொல் போதும்.