ஈரிதழ் வால்வு: அஞ்சவும் வேண்டாம், அசட்டை செய்யவும் வேண்டாம்

இருதயத்திலிருந்து உடலெங்கும் குருதியைக் கொண்டு செல்லும் பெருநாடியின் வாயிலிலே ஒரு வால்வு உண்டு. இயல்பாக மூன்று இதழ்களைக் கொண்டிருக்க வேண்டிய இவ்வால்வு, சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்களுடன் அமைந்துவிடுகின்றது. நூறு பேரில் ஒருவர் அல்லது இருவரிடம் காணப்படும் இதுவே, பிறவி இருதயக் குறைபாடுகளுள் மிகப் பரவலானதாகும்.

பல ஆண்டுகள் எவ்வித அறிகுறியும் தோன்றாதிருக்கலாம். ஆதலால், புகலிடம் தந்த நாட்டின் மருத்துவப் பரிசோதனையிலேயே எம்மவர் இதனை முதன்முதலாக அறிய நேரலாம். அச்சம் எழுவது இயல்பே. ஆயினும், ஒழுங்கான கண்காணிப்பிலிருப்போரின் ஆயுள் ஏனையோரின் ஆயுளை ஏறத்தாழ ஒத்ததென, அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வுகள் காட்டியுள்ளன.

கண்காணிப்பு எதற்கு? காலப்போக்கில் வால்விலே கல்சியம் படிந்து வாயில் ஒடுங்கலாம், இதழ்கள் சரிவர மூடாது குருதி பின்னோக்கிக் கசியலாம், பெருநாடியும் விரிவடையலாம். இவற்றை எக்கோ பரிசோதனை வலியின்றிக் காட்டிவிடும். ஒடுக்கம் கடுமையான சிறுவர்களுக்குப் பலூன் மூலம் வாயிலை விரிப்பதுண்டு. வளர்ந்தோருக்குப் பெரும்பாலும் வால்வையே மாற்றுவர். உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் குருதி உறையாதிருக்க ஆயுள் முழுவதும் வார்பரின் குளிசை உட்கொள்ள வேண்டும். விலங்குத் திசுவாலான வால்வுக்கு அத்தேவை பெரும்பாலும் நீடிப்பதில்லை. எனினும் சுமார் 10 முதல் 20 ஆண்டுகளில் மீண்டும் மாற்ற நேரலாம்.

வார்பரின் உட்கொள்வோர் கீரையை அறவே தவிர்க்க வேண்டியதில்லை. அளவைத் திடீரென மாற்றாதிருப்பதே முக்கியம். நாட்டு மருந்தையோ வலி மாத்திரையையோ வைத்தியரிடம் கேளாது உட்கொள்ளலாகாது. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்னதாகவே ஆலோசனை பெறுதல் அவசியம். செயற்கை வால்வு உள்ளோர் பல் வைத்தியரிடம் அதனைத் தெரிவிக்க வேண்டும்.

இக்குறை குடும்பவழியாகவும் வரலாம். எனவே, ஒருவருக்கு இருப்பின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரும் ஒருமுறை எக்கோ பரிசோதனை செய்வித்தல் நன்று. திருமணப் பேச்சுக்குத் தடையாகுமென அஞ்சி இதனை மறைப்போர் எம்மிடையே உளர். மறைப்பதால் வால்வு சீராவதில்லை. உறவினரின் பரிசோதனையே தள்ளிப்போகின்றது.

நாடுவிட்டு நாடு செல்லும் எமது வாழ்வில் மருத்துவ அறிக்கைகள் எளிதில் தொலைந்துவிடுகின்றன. கடவுச்சீட்டைப் பேணுவதுபோல் அவற்றின் பிரதியையும் பேணுவோம். வைத்தியரிடம் செல்லும்போது பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காது, தகுந்த மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவோம்.