கோப்பை கழுவும் கைகளும் எங்கள் பிள்ளைகளும்

அகதிகளாக இந்நாட்டுக்கு வந்த எம்மவர் இல்லங்களில் அடிக்கடி ஒலிக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "ஒழுங்காகப் படி, இல்லாவிட்டால் என்னைப்போலக் கோப்பைதான் கழுவ வேண்டிவரும்" என்பதே அது. பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஆதங்கத்தில் பிறக்கும் சொற்கள் இவை. ஆயினும் பிள்ளையின் செவியில் அவை இரண்டு செய்திகளாக விழுகின்றன. கல்வி அவசியம் என்பது ஒன்று. தந்தை செய்யும் தொழில் ஒரு தண்டனை, அதைச் செய்யும் தந்தை தோற்றுப்போன மனிதர் என்பது மற்றையது. முதற் செய்தியை மறந்துவிடும் பிள்ளைகூட இரண்டாவதை மறப்பதில்லை.

பின்னர் அதே பிள்ளை, பாடசாலையில் "உன் தந்தை என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்கப்படும்போது தலைகுனிந்து நின்றால், "பெற்றோரை மதியாத தலைமுறை" என்று நாம் குறைபட்டுக்கொள்கின்றோம். பெற்றோரின் தொழிலை இழிவாக எண்ணும் பாடத்தைப் பிள்ளைகளுக்கு முதலிற் புகட்டியவர்கள் யார் என்பதைச் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

தமிழ் வகுப்புகளில் "எனது தந்தை" என்ற தலைப்பிற் கட்டுரை எழுதச் சொன்னால், தந்தைக்குப் பிடித்த உணவு, அவரது கார், அவர் பார்க்கும் கிரிக்கெட் ஆட்டம் என்று பிள்ளைகள் நிறையவே எழுதுவார்கள். தொழில் என்று வரும்போது "அப்பா ஹோட்டலில் வேலை செய்கிறார்" என்ற ஒரு வரியோடு பேனா நின்றுவிடும். அது முற்றிலும் வெட்கத்தினால் மட்டும் நேர்வதன்று. பல பிள்ளைகளுக்கு அதற்குமேல் எதுவும் தெரியாது. காலையிற் சென்று, பிற்பகல் இரண்டு மூன்று மணித்தியால இடைவேளையில் வந்து கண்ணயர்ந்து, மாலையில் மீண்டும் சென்று, நள்ளிரவிற் திரும்பும் தந்தையை அவர்கள் உறங்கும் மனிதராகவே அறிந்திருக்கின்றார்கள். அறியாத ஒன்றை எவ்வாறு மதிப்பது?

இந்த வெட்கத்தின் வேர் சுவிஸ் மண்ணில் முளைத்ததன்று. நாம் ஊரிலிருந்து கொண்டுவந்தது. துணி வெளுத்தலும், முடி திருத்தலும், துப்புரவும் பிறப்பினால் விதிக்கப்பட்ட தொழில்கள் என்று கருதிய சமூகம் எமது யாழ்ப்பாணச் சமூகம். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிற் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. மேசையும் கதிரையும் உள்ள அரசாங்க உத்தியோகமே மதிப்புக்குரியது என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். 1983 ஆடிக் கலவரத்தின் பின் இங்கு வந்து சேர்ந்தபோது, வேலை அனுமதி கிடைத்தவர்களுக்கும் பல மாநிலங்களில் உணவகம் போன்ற சில துறைகளின் கதவுகளே திறந்தன. ஆசிரியரும் எழுதுவினைஞரும் வயல் செய்தவரும் ஒரே தொட்டியிற் கை வைத்தார்கள். தொழிலின் உயர்வு தாழ்வு பற்றிய பொய்யை எமது கைகள் அன்றே அறிந்துகொண்டன. மனங்கள்தாம் இன்னும் அறியவில்லை.

உண்மையில் இத்தொழில்கள் அறிவு வேண்டாத தொழில்களா? உணவகச் சமையலறையில் சூடாக வைத்திருக்கும் உணவு 65 பாகை வெப்பத்துக்குக் கீழே இறங்கக்கூடாது; விரைவிற் பழுதடையும் உணவு 5 பாகைக்கு மேற் போகக்கூடாது. அவற்றை அளந்து பதிய வேண்டும். மருத்துவமனையிற் துப்புரவு செய்யும் தாயைக் கேட்டுப்பாருங்கள். மலசலகூடத்துக்குச் சிவப்புத் துணி, கைகழுவும் தொட்டிக்கு மஞ்சள், மேசை தளபாடங்களுக்கு நீலம் என்று அவர் விளக்குவார். ஒரு துணி இடம் மாறினால் நோய்க்கிருமியும் இடம் மாறும். 1847 இல் வியன்னா மருத்துவமனையிற் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், மருத்துவர்கள் கைகளைக் கழுவிய பின்னரே பிரசவம் பார்க்க வேண்டும் என்று விதித்தபோது தாய்மாரின் மரணம் பெருமளவு குறைந்தது. தூய்மை உயிர் காக்கும் என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமா? 2020 மார்ச் 16 அன்று சமஷ்டி அரசு அசாதாரண நிலையைப் பிரகடனஞ் செய்து உணவகங்களையும் பெரும்பாலான கடைகளையும் மூடியபோது, மருத்துவமனைகளிற் துப்புரவு செய்த எங்கள் தாய்மார் வழமைபோல் அதிகாலைப் பேருந்தில் ஏறிச் சென்றார்கள்.

கட்டடத் துப்புரவு இந்நாட்டில் மூன்று ஆண்டுகள் பயின்று சமஷ்டிச் சான்றிதழ் பெறும் ஒரு தொழில் என்பதையும் எம்மிற் பலர் அறியார். சமையற் தொழிலுக்கும் அதே மூன்று ஆண்டுகள். சுவிஸ் மக்கள் சான்றிதழ் கொடுத்து மதிக்கும் தொழிலை நாம் வீட்டிலே ஏளனஞ் செய்கின்றோம்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள குடியுரிமை விதிகளின்படி, விண்ணப்பத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகளிற் சமூக உதவிப்பணம் பெற்றவர், அதனைத் திருப்பிச் செலுத்தினாலன்றி, பொதுவாகக் குடியுரிமை பெறுதல் இயலாது. பிள்ளையின் கையிலுள்ள சிவப்புக் கடவுச்சீட்டுக்குப் பின்னால், ஒரு நாளும் வேலைக்குப் போகத் தவறாத ஒரு தந்தையோ தாயோ நிற்கின்றார். ஊரிலே தங்கையின் திருமணமும், தம்பியின் பயணக் கடனும், உண்டியல் மூலம் போய்ச் சேர்ந்த மருந்துச் செலவும் அந்தத் தொட்டி நீரிலிருந்தே வந்தன. இவற்றை மறைத்துவிட்டு மதிப்பை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இதற்கு நல்லதொரு வாய்ப்பை இந்நாடே அளித்துள்ளது. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை "சூக்குன்ஃப்ற்ஸ்டாக்" எனப்படும் எதிர்கால நாள். 2001 இல் பெண்பிள்ளைகளுக்கான நாளாகத் தொடங்கிய இது, இன்று இருபாலாருக்கும் உரியது. 5 ஆம் வகுப்பு முதல் 7 ஆம் வகுப்பு வரையான மாணவர் அன்று பெற்றோருடன் வேலைத்தலத்துக்குச் சென்று பார்க்கலாம். எம்மவரோ "என் வேலையில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கூறி, வங்கியிலோ அலுவலகத்திலோ பணிபுரியும் ஒருவரைத் தேடிப் பிள்ளையை அனுப்பிவிடுகின்றார்கள். அயலவரின் தொழிலைக் காணச் சென்ற பிள்ளை, தன் தந்தையின் தொழில் காட்டத் தகாதது என்ற முடிவோடு வீடு திரும்புகின்றது.

இவ்வாண்டு முதலாளியிடம் அனுமதி கேளுங்கள், பாடசாலைக்கு அறிவியுங்கள், பிள்ளையை உங்களுடனேயே அழைத்துச் செல்லுங்கள். அரச அலுவலகத்தில் ஜேர்மன் மொழியிற் தடுமாறி, பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கி நிற்கும் தந்தையையே அது இதுவரை கண்டிருக்கின்றது. சமையலறையில் நாற்பது ஓடர்கள் ஒன்றாக வந்து விழும்போது பதறாமல் நிற்கும் தந்தையையும், சக பணியாளர் பெயர் சொல்லி அழைத்து ஆலோசனை கேட்கும் தாயையும் அது ஒரு முறை காணட்டும்.

"அப்படியானால் எங்கள் பிள்ளைகளும் கோப்பை கழுவட்டும் என்கிறீர்களா?" என்று சிலர் வினவக்கூடும். அன்று. பிள்ளைகள் வைத்தியராகட்டும், பொறியியலாளராகட்டும், விரும்பினாற் சமையற்கலைஞராகட்டும். ஆனால் பெற்றோரின் தொழிலை இகழ்ந்து பெறும் உயர்வில், நாளை தன் அலுவலகத்தைத் துப்புரவு செய்யவரும் இன்னொரு நாட்டு அகதியை நிமிர்ந்து பாராத மனிதரே உருவாவார். மதிப்பு என்பது வாய்ச்சொல்லோடு முடிவதுமன்று. ஜெனீவா மாநில மக்கள் 2020 செப்டெம்பரில் வாக்களித்து, மணித்தியாலத்துக்கு 23 பிராங் என்ற ஆகக்குறைந்த ஊதியத்தை ஏற்படுத்தினார்கள். தந்தையின் தொழிலை மதிக்கக் கற்ற பிள்ளை, அவரது சம்பளப் பத்திரத்தை வாசித்து, மேலதிக நேரத்துக்குக் கூலி சேர்ந்ததா என்றும் கேட்கும்.

ஆகவே பெற்றோரே, "என்னைப்போல ஆகிவிடாதே" என்ற வாக்கியத்தை இன்றோடு நிறுத்துங்கள். "நான் இந்த வேலையைச் செய்தேன், இன்னபடி செய்தேன், இதனால் நாங்கள் வாழ்ந்தோம்" என்று சொல்லுங்கள். அதனைக் கேட்டு வளரும் பிள்ளை, தன் கட்டுரையை ஒரு வரியோடு நிறுத்தாது.