ஊதச் சொன்னால் என்ன செய்வது?

கேள்வி: கீரை லோடு ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போன என் தம்பியை, வழியில் போலீஸார் நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். கருவி 38 காட்டியதால் வழக்குப் போட்டுவிட்டார்கள். இருமலுக்கு அரிஷ்டம் குடித்ததைத் தவிர வேறொன்றும் இல்லை என்கிறான். அபராதம் கட்டிவிடலாமா?
- வாசகர், குமணன்சாவடி

பதில்: அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுப்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இன்று குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது முதல் தண்டனையாகப் பதிவாகிவிடும். இது சாலையிலேயே பணம் கட்டி முடிக்கிற குற்றமும் அல்ல, கோர்ட்டில்தான் முடியும்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமானி 17-க்கு மேல் காட்டினால், "இன்னொரு தடவை வைத்துப் பாருங்க" என்று கேட்கிறோம் அல்லவா? இங்கேயும் அப்படிக் கேட்கலாம். அரிஷ்டத்தில் ஆல்கஹால் உண்டு. குடித்த சில நிமிடங்களுக்கு அது வாயிலேயே தங்கி, அளவைக் கூட்டிக் காட்டும். வாய் கொப்பளித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். அளவு, நேரம் அச்சான சீட்டை வாங்கி வையுங்கள். ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். தவறினால் விடுவிக்க வேண்டும் என்கிறது 202-வது பிரிவு. இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ஆனால் ஊத மறுக்காதீர்கள். காரணமின்றி மறுத்தால் அதுவே எதிரான சாட்சியமாகும்.

வெறும் வாடையும் தள்ளாட்டமும் மட்டும் போதாது என்று 1971-லேயே ஒரு மகாராஷ்டிர வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் தம்பி வழக்கில் கருவியின் அளவு இருப்பதால், அரிஷ்ட பாட்டில், வாங்கிய பில், ஊதிய சீட்டு மூன்றையும் வக்கீலிடம் கொடுங்கள். லைசென்ஸைத் தடை செய்வதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். நோட்டீஸ் வந்தால் பதில் எழுதாமல் விடாதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100-க்குப் போன் செய்யலாம்.

தம்பியிடம் தனியாக ஒன்று கேளுங்கள். முந்தின இரவு 9 மணிக்கு ஒரு குவார்ட்டர் குடித்திருந்தால், 60 கிலோ ஆளுக்கு விடியற்காலை 3 மணிக்கும் ரத்தத்தில் 30-க்கு மேல் இருக்கும். ஈரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். மோரோ, எலுமிச்சையோ, தூக்கமோ அதை வேகப்படுத்தாது. அப்படி என்றால் உண்மையை ஒப்புக்கொண்டு, முதல் தவறு என்று கோர்ட்டில் சொல்வதே நல்லது. போதையில் ஓட்டி விபத்தானால், சொந்த வண்டிக்கான இன்ஷூரன்ஸ் பணமும் கிடைக்காமல் போகலாம். டிராக்டரும் மோட்டார் வாகனம்தான்; அதற்கும் இதே சட்டம்.

லோடு போகிற நாளுக்கு முந்தின இரவு கிளாஸைத் தொடாமல் இருப்பதைவிட மலிவான வக்கீல் கிடையாது.