சோத்துக்கையும் பீச்சாங்கையும்

கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற ஊர்களில், வன்செயல்களால் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட நம் உறவுகள் பலர் வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் முன்பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே கை கழுவச் சொல்லும் படம் சுவரில் இருக்கும். அதன் கீழே புத்தகத் தமிழில் ஒரு வரியும் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளையின் வீட்டில் அப்படி யார் பேசுகிறார்கள்?

வீட்டில் அம்மாயி பேசுவது வேறு தமிழ். சோத்துக்கை, பீச்சாங்கை என்று அவர் சொல்லும் இரண்டு சொற்களிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்களைக் கை கால் கழுவாமல் அவர் வாசல் ஏற விடமாட்டார். ஆனால் இந்தப் பழக்கத்தில் ஒரு குறையும் உண்டு. சாப்பிடுமுன் நாம் சோத்துக்கையை மட்டும் தண்ணீரில் நனைக்கிறோம். சவர்க்காரம் சாப்பிட்ட பிறகுதான், அதுவும் குழம்பு வாடை போக. பூச்சியும் வயிற்றோட்டமும் வருவது சாப்பாட்டுக்கு முந்திய கையால். ஆகவே பீச்சாங்கையும் சேர்ந்து தேய்க்க வேண்டும், நகக்கண் வரை, 20 எண்ணும் வரை. தப்பு அடிக்கும் தாளத்தில் எண்ணச் சொன்னால் பிள்ளைகள் விடமாட்டார்கள். எண்ணும் பாடமும் அதிலேயே முடிந்துவிடும்.

பிள்ளை 'அம்மாயி' என்றதும் 'அம்மம்மா என்று சொல்லு' என்று திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 'தோட்டக்காட்டான்' என்ற வசையும் இன்னும் சாகவில்லை. தன் பேச்சுக்கு வெட்கப்படும் பிள்ளை வாயை மட்டுமல்ல, காதையும் மூடிக்கொள்ளும். அலாஸ்காவில் டிலிங்கிட் பழங்குடிப் பிள்ளைகளைத் தாய்மொழி பேசியதற்காகப் பள்ளிகளில் தண்டித்தார்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே மிஞ்சினார்கள். இன்று கை கழுவுவது போன்ற அன்றாட வேலைகளைச் சொல்லிக்கொடுத்தே அந்த மொழியைச் சின்னப் பிள்ளைகளிடம் மீட்கப் பார்க்கிறார்கள். நம் அம்மாயிகள் உயிரோடு இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் அவர்களை முன்பள்ளிக்கு அழைத்தால் என்ன?

அழைத்தாலும் தண்ணீர் வேண்டும். தோட்டத்துப் பீலி போல வன்னியில் ஊற்று ஓடாது. கோடையில் கிணறு வற்றும். துளையிட்ட கேனைக் கயிற்றில் கட்டிக் காலால் இழுத்தால் கொஞ்சத் தண்ணீரில் பல பிள்ளைகள் கழுவலாம். ஆனால் கேனை நிரப்பப் பவுசர் வர வேண்டும். சொற்பக் கொடுப்பனவு வாங்கும் முன்பள்ளி ஆசிரியையின் கைக்காசில் சவர்க்காரம் வாங்கவிடுவது நியாயமில்லை. கோடைக்கு முன்பே இரண்டையும் பிரதேச சபையிடம் எழுத்தில் கேட்போம். பெற்றோர் கையொப்பமிட்டால் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க நாங்கள் வருகிறோம்.