செயப்படுபொருள் குன்றிய வினை

கோயம்புத்தூரில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதத் தெரியாதவர்களும் தடுமாறாமல் பயன்படுத்தும் ஆங்கில வினைச்சொல் ஒன்று இருக்கிறது. காந்திபுரத்தில் பஸ் ஏறி உக்கடத்தில் இறங்குவதற்குள் எப்படியும் காதில் விழுந்துவிடும். 'ஏனுங்ணா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க.' பஸ்ஸை விட்டு இறங்கினாலும் அது நம்மை விடாது. மூன்று நாளாய்த் தண்ணீர் மோட்டார் போடாத வீட்டுக்காரர் சொல்வார். சொன்ன தேதிக்கு ரவிக்கை தராத டெய்லர் சொல்வார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேனேஜர் 'இந்த வீக்கெண்ட் மட்டும்' என்று முன்னால் சேர்த்துக்கொண்டு சொல்வார். கல்யாணமாகி மூன்றாம் மாதம் அழுதுகொண்டே வந்து நிற்கும் மகளிடம் அம்மாவும் சொல்வார்.

ஐந்து இடத்திலும் ஒரே சொல். ஐந்து இடத்திலும் கேட்கப்படுவது வேறு வேறு. பஸ்ஸில் கேட்பது நாலு அங்குலம், வீட்டில் கேட்பது ஒரு ஆயுள். இரண்டையும் ஒரே சொல்லால் கேட்க முடிகிறது என்பதில் யாரோ லாபம் பார்க்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

முதலில் சொல்லின் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'அட்' என்றால் நோக்கி, 'இயுக்ஸ்டா' என்றால் அருகே. இரண்டும் சேர்ந்து 'பக்கத்தில் கொண்டுவந்து வை' என்று பொருள்படும் ஒரு வினை பிறந்தது. அது பழைய பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'சரிசெய்' என்ற பொருளோடு வந்தது. 1600 வாக்கில் பிரெஞ்சிலிருந்தே மறுபடி ஒருமுறை வந்தது, இம்முறை 'ஒழுங்குபடுத்து, தீர்த்துவை' என்ற பொருளில். புதிய நிலைமைக்குப் பழகிக்கொள் என்கிற அர்த்தம் வெகு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இடையில் ஒரு சுவாரசியமான குழப்பம் நடந்தது. சொல்லுக்குள் 'ஜஸ்ட்' என்ற ஒலி இருப்பதால், இது நீதி என்று பொருள்படும் லத்தீன் 'இயுஸ்டுஸ்' வழியாக வந்தது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பே சொல்லின் உருவத்தையும் பொருளையும் கொஞ்சம் வளைத்துவிட்டது. ஆக, அட்ஜஸ்டுக்குள் தெரியும் 'ஜஸ்ட்' இரவல் சட்டை. பிறப்பால் அதற்கும் நீதிக்கும் உறவு கிடையாது.

உண்மையான பங்காளிகள் வேறு. குதிரைமேல் ஏறி ஈட்டியால் ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளும் ஐரோப்பிய வீர விளையாட்டான 'ஜவுஸ்ட்' இதே 'இயுக்ஸ்டா'வின் பிள்ளை. கூட்டத்தில் இடித்துத் தள்ளுவதைக் குறிக்கும் 'ஜாஸில்' அந்த ஜவுஸ்டின் பிள்ளை. இன்னும் மேலே போனால், சேர்த்துக் கட்டு என்று பொருள்படும் ஒரு பழைய இந்தோ-ஐரோப்பிய வேர். மாட்டின் கழுத்தில் பூட்டும் நுகத்தைக் குறிக்கும் 'யோக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் சமஸ்கிருத 'யோக'த்துக்கும் அதுதான் வேர். காங்கேயம் காளைகளை ஏரில் பூட்டிப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அருகருகே கொண்டுவந்து நிறுத்தியபின் இரண்டு விஷயம் நடக்கலாம். முட்டிக்கொள்ளலாம், அல்லது நுகத்தடி ஏறலாம். நம் ஊர் முட்டலை மறந்து நுகத்தடியை மட்டும் வைத்துக்கொண்டது.

அதை எப்படிச் செய்தது என்பது இலக்கணத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் செயப்படுபொருள் குன்றா வினை, குன்றிய வினை என்று படித்திருப்பீர்கள். ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் பையனிடம், 'பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணுடா' என்கிறார். 'எதை?' என்று கேட்டால் பதில் இருக்கிறது, பிரேக்கை. செயப்படுபொருள் குன்றவில்லை. அதே மெக்கானிக், சொன்ன நாளில் வண்டி தராமல் நம்மிடம், 'அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்' என்கிறார். எதை? பதில் கிடையாது. 'கொள்' என்ற துணைவினை உள்ளே வந்ததும் வினை திரும்பிக் கேட்பவர்மேலேயே பாய்கிறது. முறுக்கப்படும் நட்டு இப்போது நாம்தான். தமிழில் 'பண்ணு'வுக்கும் 'பண்ணிக்கோ'வுக்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு மனிதர் பொருளாகிவிடுகிறார். ஆங்கிலத்திடம் கடன் வாங்கியது சொல்லை மட்டும்தான், சாமர்த்தியம் நம்முடையது.

இந்த ஊருக்கு அட்ஜஸ்ட் பண்ணத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. பம்புசெட்டும் மோட்டாரும் கிரைண்டரும் செய்து பிழைக்கும் ஊர் இது. ஒரு லேத் பட்டறையில் போய் நில்லுங்கள். வரைபடத்தில் ஷாஃப்டின் விட்டம் 25 மி.மீ. என்று இருந்தால் பக்கத்திலேயே கூட்டல் கழித்தல் 0.02 என்று டாலரன்ஸும் இருக்கும். அதற்குள் இருந்தால் பாஸ், தாண்டினால் ரிஜெக்ட். எவ்வளவு பொறுக்கலாம் என்பது முன்கூட்டியே எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. எஞ்சின் டேப்பட்டை அட்ஜஸ்ட் பண்ணுகிறவர் கையில் ஃபில்லர் கேஜ் இருக்கிறது. நான் பிழைக்கும் மென்பொருள் தொழிலிலும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் ஒரு டைம்அவுட்டை 30 விநாடியிலிருந்து 45 ஆக்கினால், பழைய மதிப்பு என்ன, புதியது என்ன, யார் மாற்றியது, யார் ஒப்புதல் தந்தது என்று நாலும் பதிவாகும். இரும்புக்கும் சர்வருக்கும் கொடுக்கும் இந்த மரியாதையை மனிதருக்குக் கொடுக்கும்போது மட்டும் அளவுகோல் டிராயருக்குள் போய்விடுகிறது.

எல்லா மனிதருக்கும் அல்ல என்பதுதான் விஷயம். பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் ஆள் சேர்க்கும்போது முன்பணம் கொடுப்பார்கள். 'வாரக்கூலியில் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்' என்பது முதலாளி வாக்கியம். இங்கே சொல்லுக்குச் செயப்படுபொருள் உண்டு, எண் உண்டு, நோட்டுப் புத்தகம் உண்டு, பாக்கி தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாத காவலும் உண்டு. அதே தொழிலாளி கூலி உயர்வு கேட்டால் பதில், 'மார்க்கெட் செரியில்ல, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க.' இப்போது எண் எங்கே? நோட்டு எங்கே? மேலே இருப்பவருக்கு வரவேண்டியது இருந்தால் இந்த வினை கணக்குப்பிள்ளையாகிறது. கீழே இருப்பவருக்கு வரவேண்டியது இருந்தால் அதே வினை சாமியாராகிவிடுகிறது.

நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததும் இதன் பெரிய வடிவம்தான். கல்யாணமாகாத பெண்பிள்ளைகளை மூன்று வருடத்துக்கு ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை என்றார்கள். சட்டப்படி மாதாமாதம் வரவேண்டிய கூலியின் ஒரு பகுதி, மூன்று வருடம் தாக்குப்பிடித்தால்தான் கிடைக்கும் பரிசாக மாறிப்போனது. இடையில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பிய பிள்ளைகள் அந்தத் தொகையை இழந்தார்கள்.

எங்கள் குடும்பத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். நான் காலேஜ் படித்த காலத்தில் அப்பாருவின் தோட்டத்தைப் பிரித்தார்கள். அத்தையைக் கூப்பிட்டுப் பெரியப்பா சொன்ன வாக்கியம் இது: 'ஏனம்மிணி, உனக்கு நாங்க சீர் செய்யாத நோம்பி உண்டா? இதுல மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.' அத்தை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பத்திரத்தைப் பின்னாளில் படித்திருக்கிறேன். புல எண், நான்கு எல்லை, ஏக்கர், சென்ட் எல்லாம் துல்லியமாக இருக்கிறது. அத்தை பெற்றுக்கொண்டது என்ன என்ற இடத்தில் மட்டும் பேருக்கு ஒரு தொகை.

தமிழ்நாடு 1989லேயே கல்யாணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்த மாநிலம். 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. அந்த உரிமைக்கு 2005இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இத்தனையையும் ரிஜிஸ்டர் ஆபீஸ் வராந்தாவில் வைத்து ஒரு ஆங்கில வினைச்சொல் தோற்கடிக்கிறது. கொங்கு இலக்கியத்தில் இதற்கு எதிர்க்குரல் ஒன்று பழசாகவே இருக்கிறது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்த நாவல். கணவனை இழந்த பெண் கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள், கதை கொலையில் போய் முடிகிறது. யார் தூண்டினார்கள், எங்கே வழி தவறியது என்று எவ்வளவும் பேசலாம். ஆனால் 'எனக்கு எவ்வளவு?' என்று வாய்விட்டுக் கேட்ட ஒரு பெண்ணை அந்த ஊர் எப்படிப் பார்த்தது என்பதுதான் எனக்கு அதில் முக்கியம். அந்தப் பார்வைக்கு இன்னும் வயதாகவில்லை.

சொல் உச்சரிக்கப்படாமலே அந்த வினை நடப்பதும் உண்டு. 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணைச் சமைக்கவிடாமல் ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் எடுத்த முடிவு, அந்தப் பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றுவது. போராட்டம் வெடித்தபின்தான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தடுத்தவர்கள் இருந்த இடத்தில் இருக்க, தடுக்கப்பட்டவர் நகர வேண்டும். நம் ஊர் அகராதியில் அட்ஜஸ்ட் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் 2024 ஆகஸ்டில் நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை வெளியானது. 'காம்ப்ரமைஸ்', 'அட்ஜஸ்ட்மெண்ட்' என்ற இரண்டு சொற்களும் மலையாளத் திரைத்துறைப் பெண்களுக்கு எந்தப் பொருளில் பழக்கம் என்று அதில் பதிவாகியிருக்கிறது. எண் இல்லாத சொல் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதுவே சாட்சி. உடம்புவரை போகும்.

இதற்கு வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். 'நல்ல தமிழ்ச்சொல்லைப் பயன்படுத்தினால் பிரச்சினை தீர்ந்தது' என்பார்கள். தீராது. இது வருவதற்கு முன்பு நம் பாட்டிமார் காதில் விழுந்தது 'அனுசரிச்சுப் போ'. சமஸ்கிருதத்தில் அதன் நேர்ப்பொருள் பின்னால் போ என்பது. ஒருவகையில் அது நேர்மையான சொல், யார் முன்னே யார் பின்னே என்பதை மறைக்கவில்லை. அட்ஜஸ்ட் அதையும் மறைத்தது. நட்டு, போல்ட் சமாசாரம் போல ஒலித்து, கட்டளையை டெக்னிக்கல் விஷயமாக்கிவிட்டது.

இன்னொரு மறுப்பு, 'விட்டுக்கொடுக்கிறவர் கெட்டுப்போவதில்லை.' ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விட்டுக்கொடு என்பதில் இரண்டு வினை இருக்கிறது. விட வேண்டும், கொடுக்க வேண்டும். கையில் இருப்பதைத்தான் விட முடியும், தன்னுடையதைத்தான் கொடுக்க முடியும். அந்தச் சொல் கொடுப்பவரை உடைமையாளர் என்று முதலில் ஒப்புக்கொள்கிறது. என் அத்தையை யாரும் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது: 'அட்ஜஸ்ட் பண்ணாம நாலு பேர் சேர்ந்து வாழ முடியுமா?' முடியாது. அதனால்தான் டவுன் பஸ்ஸைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் இடம் கேட்கிறார். கேட்பவரும் ஒடுங்கித்தான் உட்காருகிறார். எவ்வளவு நகர்ந்தோம் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஸ்டாப் வந்தால் முடிந்துவிடுகிறது. நாளைக்கு நாம் நின்றுகொண்டிருந்தால் நமக்கும் அதே வார்த்தையைச் சொல்லும் உரிமை இருக்கிறது. 'பக்கத்தில் கொண்டுவந்து வை' என்ற அந்தப் பழைய லத்தீன் பொருள் அப்படியே உயிரோடு இருப்பது அந்த சீட்டில்தான். இரவல் வாங்கிய நீதியும் அங்கே மட்டும் சொந்தமாகிவிடுகிறது.

ஆகவே சொல்லைத் துரத்த வேண்டாம். காணாமல் போன செயப்படுபொருளைத் தேடிக் கொண்டுவந்து வைத்தால் போதும். யார் சொன்னாலும் நாலு கேள்வி: எதை? எவ்வளவு? எத்தனை நாளைக்கு? உங்க பக்கம் எவ்வளவு? வேலையை விட்டுப் போக முடியாதவரும், திரும்பிப் போக வீடு இல்லாதவரும் இதைக் கேட்பது லேசில்லை. ஆனால் இதைப் படிக்கிற நம்மில் பலருக்கு வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, வீட்டில் நம் பேச்சுக்கு ஒரு காது இருக்கிறது. பக்கத்தில் யாரையாவது பார்த்து இந்த வார்த்தை சொல்லப்படும்போது அவருக்காக நாம் கேட்கலாம்.

மரியாதை குறைந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். அதட்டலைக்கூட 'ங்க' போட்டு மெத்தையாக்கித் தருவது எங்கள் கொங்குத் தமிழ். அதே 'ங்க'வைப் போட்டே திருப்பிக் கேட்கலாம்: 'செரீங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாங்க. எவ்வளவுங்க?'