நாய் கண்ணீர் சகுனமல்ல!

"நாய் கண்ணுல தண்ணி வடிஞ்சா வீட்டுக்கு ஆகாது" என்று விரட்டி விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது சகுனமல்ல, உபாதை! கடலூர் கடற்கரை மணலோ, சிதம்பரம் பக்கம் நெல் தூற்றும் தூசியோ விழுந்திருக்கலாம். இமைமுடி உள்பக்கமாக வளர்ந்திருக்கலாம். கண்ணீர்க் குழாய் அடைத்திருக்கலாம். காய்ச்சலும் மூக்கொழுகலும் சேர்ந்தால் டிஸ்டெம்பராக இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிகளின் உயிரையே அது பறித்துவிடும்.

காய்ச்சி ஆறவைத்த நீரில் பஞ்சை நனைத்து, கண்ணுக்கு ஒரு பஞ்சாகத் துடையுங்கள். நாம் போட்டு மீந்த சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியிலும் புண் இருந்தால் பார்வையே போய்விடக்கூடும். கண்ணை இடுக்கினாலோ, மஞ்சளாகப் பீளை தள்ளினாலோ அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். ராத்திரியெல்லாம் வாசலைக் காக்கும் ஜீவனை நோய் வந்ததும் விரட்டுவது என்ன நியாயம், சகோதரிகளே?

- ஒரு வாசகி, சிதம்பரம்.